அளவு நோட்டில் இருந்த மூன்று இன்ச்

ஜூன் 3

எல்லாம் நான் முன்கூட்டியே கணித்ததுதான். அக்கா மகள் பட்டாணிக்குப் பதினாலு வயது. இன்னும் வயசுக்கு வரவில்லை, உயரம் நாலடி நாலு. இந்தப் பிள்ளையின் வளர்த்தியில் ஏதோ இடிக்கிறது என்று இரண்டு வருடம் முன்பே கண்டுபிடித்தவன் யார்? எட்டாம் வகுப்போடு நின்ற இந்தத் தையல்காரன்! டாக்டரம்மா இன்றுதான் கண்டுபிடித்தார்.

பெண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டுமாம். இவளுக்கு ஒன்றுதான்.

"அம்மா வயித்துல ஓவரி எல்லாருக்கும் போலத்தான் உருவாக ஆரம்பிக்கும். ரெண்டாவது எக்ஸ் இல்லைன்னா முட்டைங்க சீக்கிரமே அழிஞ்சிடும். ஸ்கேன்ல பாருங்க, மெல்லிசா நாடா மாதிரிதான் இருக்கு."

"நாடாவா? அப்ப அது நம்ம டிபார்ட்மெண்ட்" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். பட்டாணி மட்டும் சிரித்தாள்.

கர்ப்பப்பை நன்றாக இருக்கிறதாம். மாத்திரை கொடுத்தால் வயசுக்கு வருவாள். உயரத்துக்கு ஊசி.

ஜூன் 4

கடைக்கு வந்த ஒன்பது பேருக்குக் குரோமோசோம் பாடம் எடுத்தேன். யாருடையது என்று சொல்லவில்லை. எனக்கு வாயும் உண்டு, விவஸ்தையும் உண்டு.

ஜூன் 10

என் வாழ்க்கையின் பொன்னாள். டாக்டரம்மா பழைய உயரக் கணக்குக் கேட்டார். பள்ளிக்கூடத்தில் இல்லை. நான் என் அளவு நோட்டை மேசைமேல் டப்பென்று வைத்தேன். ஆறு வயதிலிருந்து வருடா வருடம் சீருடைக்கு எடுத்த அளவு, உச்சி முதல் பாதம் வரை. டாக்டரம்மா அசந்துவிட்டார். எழுந்து நின்றார் என்றே சொல்லலாம்.

பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார். "பன்னெண்டு வயசுல மட்டும் மூணு இன்ச் வளர்ந்திருக்கா. அப்புறம் நின்னுடுச்சு. வயசுக்கு வர்ற பொண்ணுங்கதான் இப்படி வளருவாங்க. ரத்தப் பரிசோதனை வேற மாதிரி சொல்லுது. ஒருவேளை ஓவரி கொஞ்ச நாள் வேலை செஞ்சிருக்கலாம். மாத்திரையை ஆறு மாசம் தள்ளிவெச்சுப் பாப்போம்."

அக்கா வழியெல்லாம் என் கையை விடவில்லை. "உன் நோட்டுதாண்டா என் வயித்துல பால வார்த்துச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. நானா!

ஜூன் 11

ஒரே கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் பட்டாணி வந்து வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். "இன்னும் ஆறு மாசமா மாமா? பஸ்ல இப்பவும் எனக்கு அரை டிக்கெட்தான் கிழிக்கிறாங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அக்கா மாதிரி ஆயிட்டாங்க. நான் மட்டும் பாப்பா."

பாவி மனுஷா, வாயத் தொறந்து சொல்லேண்டா! பித்தான் டப்பாவை அடுக்கினேன்.

ஜூன் 13

கடைக்கு விடுமுறை. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிறகு அக்கா வீட்டுக்கு.

ஜூன் 15

அக்கா பேசவில்லை. மூன்றாம் நாள்.

ஜூன் 18

அக்கா ரவிக்கைத் துணியை மேசைமேல் எறிந்தாள். "இதுக்காவது உண்மையான அளவ எழுது." பேசிவிட்டாள்!

செப்டம்பர் 20

பட்டாணியை அளந்தேன். நாலடி நாலரை. ஊசி தொடங்கி மூன்று மாதத்தில் அரை இன்ச்! மாத்திரையும் கூடவே போகிறது. ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள். வகுப்பில் எழுந்து நின்று குரோமோசோம் பாடமும் நடத்தினாளாம், ‘எனக்கு ஒண்ணுதான்’ என்று தன்னையே காட்டி. என் மருமகள்! வாய் என்னிடமிருந்து வந்தது, தைரியம் எங்கிருந்து வந்ததோ.

"குழந்தை வேணும்னா வேற ஒருத்தர் முட்டைய வாங்கி என் கர்ப்பப்பையில வளர்க்கலாமாம் மாமா. அதுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் இருக்கு. இப்ப நீ அளவ எழுது" என்று பென்சிலை அவளே நீட்டினாள். எழுதும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 13 அன்று டாக்டரம்மாவிடமும் அக்காவிடமும் ஒப்புக்கொண்டதை இனி இங்கேயும் எழுதிவிடுகிறேன். நான் கணித்தது உண்மை, வாயைத்தான் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் நாடா ஒரே ஒரு இன்ச்தான் காட்டியது. இவள் கண் கலங்கி நின்றாள். மீதி இரண்டு இன்ச் நான் போட்டது. அடுத்த வருடம் குறைக்க மனம் வராமல் அதே அளவை எழுதினேன். டாக்டரம்மா எழுந்து நிற்கவும் இல்லை.