ஸ்டெப்னிக்கு அடியில் முளைத்த நெல்

திருக்காட்டுப்பள்ளி,
சனிக்கிழமை, இரவு மணி ஒன்றரை.

என் ஜூலியட் அக்காவுக்கு அருள்ஜோதி எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். வருகிற கடிதங்களை மடத்து மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று நீ எழுதியிருந்தாய். ராஞ்சி மதருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். உன்னோடு நவதுறவகத்தில் இருக்கும் வேளாங்கண்ணிப் பெண்ணிடமும் காட்டாதே. அவள் மதருக்கு வாசித்துச் சொல்லிவிடப் போகிறாள். படித்ததும் கிழித்துவிடு.

இங்கே எல்லோரும் சுகம். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. அப்பா குறுவைக்கு நாற்று விட்டுவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நைட் டூட்டி பார்த்த அலுப்பில் அடுத்த அறையில் தூங்குகிறாள். நான் எமர்ஜென்சி விளக்கின் மேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயம் கார். நம் வீட்டில் கார் வாங்குகிறோம், பழைய கார்தான். போன டிசம்பரில் அம்மா ஸ்கூட்டியோடு வாய்க்காலில் விழுந்தது உனக்குத் தெரியாது. எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முழங்கையில் ஆறு தையல். டூட்டிக்குப் போக ஸ்கூட்டியில் பூதலூர், அங்கிருந்து பஸ், தஞ்சாவூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, திரும்பி வரும்போதும் இதே பாடு. விழுந்த அன்றைக்குத்தான் அப்பா, கார் வாங்கிவிடுவோம் என்றார். அம்மா மறுநாளே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் நின்றாள். தையல் போட்ட கையோடு கியர் போடக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். தையல் பிரித்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதான் போனாள். இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது. அப்பாவுக்கு டிராக்டரைத் தவிர ஒன்றும் ஓட்ட வராது. அதனால் வீட்டுக்கு டிரைவர் அம்மாதான்.

என்ன கார் என்பதில்தான் பேச்சு நீண்டது. வயல் ரோட்டில் அடி தட்டக் கூடாது, பின்னால் இரண்டு மூட்டை போக வேண்டும், பெட்ரோலைக் குடிக்கக் கூடாது என்று அப்பா மூன்று விரலை மடக்கினார். உனக்கு என்ன வேணும் என்று அம்மாவைக் கேட்டார். ஓட்ட நல்லா இருக்கணும் என்றாள் அம்மா. ஓடினால் போதாதா, அதென்ன ஓட்ட நல்லா இருக்கிறது என்று அப்பா சிரித்தார். எனக்கும் அது அப்போது புரியவில்லை.

போன சனிக்கிழமை தஞ்சாவூரில் பழைய கார் விற்கும் நெய்னா முகம்மது பாய் கடைக்கு மூன்று பேரும் போனோம். வரிசையாக இருபது முப்பது வண்டி. அம்மா எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு சின்னச் சிவப்பு ஸ்விஃப்ட் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். பாய் உடனே, சிஸ்டர் ஊசி போடுற மாதிரி குறி பார்த்துட்டாங்க அண்ணே, இனிமே நீங்க பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். ஆனால் அவர் நல்லவர் அக்கா. தானாகவே வண்டிக்குள் காலடி விரிப்பைத் தூக்கிக் காட்டினார், டிக்கியில் ஸ்டெப்னி டயரைக் கழற்றி அடியில் தடவிப் பார்க்கச் சொன்னார். என்கிட்டே வாங்காட்டியும் போங்க, எங்கே வாங்கினாலும் இந்தக் குழியைப் பார்த்துட்டு வாங்குங்க, வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாத இடம் இது என்றார். தண்ணி புகுந்த வண்டி இன்னைக்கு ஜோரா ஓடும், ஆறு மாசம் கழிச்சு உள்ளே ஒயரெல்லாம் அரிச்சு ஒருநாள் நடுரோட்டில் லைட்டும் போகும், இன்ஜினும் போகும், அப்போ யாரைக் கூப்பிடுவீங்க சிஸ்டர் என்றும் சொன்னார்.

பிறகு அம்மா அந்தச் சிவப்பு வண்டியைப் புது ஆற்றங்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். அக்கா, இதை நான் எப்படி எழுதுவேன்! செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாள். முதலில் தோள் இரண்டும் விறைத்திருந்தன. பாலம் தாண்டியதும் தோள் இறங்கியது. ஆறு ஒரு பக்கம் கரைபுரண்டு எங்களோடேயே ஓடி வந்தது. மடை திறந்ததும் தண்ணீர் வயலுக்குப் போகும் கன்னி வாய்க்காலுக்குள் திரும்புமே, அப்படி வளைவில் வண்டி திரும்பியது. நான் பின்சீட்டிலிருந்து கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். யாருக்காகவும் சிரிக்கவில்லை, தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷம் கூடவே இருந்திருக்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பா முன்சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே, நீ டூட்டிக்குப் போறியா, ஆம்புலன்ஸை முந்தப் போறியா என்றார். ஆனால் அவரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். திரும்பி வந்ததும் டிக்கியை முழம் போட்டு அளந்தார். ஒரு மூட்டை இங்கே, இன்னொன்று பின்சீட்டில், சமாளிச்சுக்கலாம் என்றார். பாய் இந்தத் திங்கட்கிழமை வரை வண்டியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

புதன்கிழமை பெரியப்பா வந்தார். ரெமி, வெளியாள்கிட்டே எதுக்குடா வாங்குறே, என் வெள்ளை வண்டியை எடுத்துக்க, நான் வேற பார்த்துக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். நீ போன பிறகு நடந்ததை நினைத்துப் பார் அக்கா. மடைத் தண்ணீர் முறைக்காக ஐந்து வருஷம் பேசாமலிருந்த இரண்டு பேரும் ஈஸ்டருக்குப் பூசை முடிந்து கோவில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னியர் சபைக்குப் போகிற அன்றைக்கு நீ கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது. அந்த அண்ணன் முதல் முறையாக வீடேறி வந்து ஒன்றைக் கொடுக்கிறார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. விலை கூடப் பேசவில்லை. அம்மா, வண்டின்னா ஓடினால் போதும் என்றாள். அப்பாவின் வார்த்தையையே எடுத்துச் சொன்னாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

இன்று சாயங்காலம் வெள்ளை வண்டியைக் கொண்டுவந்து நம் வாசலில் நிறுத்தினார்கள். நாளை முதல் பூசைக்குப் பூண்டி மாதா கோவிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும். மந்திரித்த வண்டியை அப்பா திருப்பிக் கொடுக்க மாட்டார். உனக்கே தெரியும்.

பெரியம்மா என்னோடு சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை எப்படிப் பார்த்துக்கொண்டோம் தெரியுமா என்று பெருமையாக ஆரம்பித்தார்கள். போன ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு கொல்லைக்குள் வந்துவிட்டதாம். வண்டி சீட்டு வரைக்கும் தண்ணீரில் நின்றதாம். வடிந்ததும் பெரியப்பா வண்டியைக் களத்துக்கு ஏற்றி, நான்கு கதவையும் திறந்து வைத்து, காலையில் கிழக்கே பார்க்க, மத்தியானம் மேற்கே பார்க்க என்று மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயவைத்தாராம். நெல்லுக் காயப்போடுற மாதிரியேடி, நாலாம் நாள் கிண்ணுன்னு ஆயிடுச்சு என்று சொல்லிப் பெரியம்மா சிரித்தார்கள். பெரியப்பா ஏமாற்றவில்லை அக்கா, சத்தியமாக இல்லை. நனைந்த நெல்லைக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று அறுபது வருஷமாகப் பார்த்தவர். காரும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். நம்பியதால்தான் தன் தம்பிக்கே கொடுக்கிறார்.

எனக்கு வெங்காயம் கையில் நிற்கவில்லை. எல்லோரும் சாப்பிடும்போது நான் வெளியே போய் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி கனம். இரண்டு கையாலும் புரட்டினேன். அடியில் உள்ளங்கை அளவு வண்டல், காய்ந்து வெடித்திருந்தது. அதற்குள் நெல். தாளடி நடவுக்கு ஏற்றிய விதைமூட்டையிலிருந்து சிந்தியிருக்க வேண்டும். அத்தனையும் முளைத்திருந்தது அக்கா. வெள்ளை வெள்ளையாக வேர் ஒன்றோடொன்று பின்னி, பாய் நெய்தது போல. இரும்புக்கு நடுவில், வெளிச்சம் துளி இல்லாத இடத்தில், யாரும் விதைக்காமல் அது பாட்டுக்கு எழும்பி, சுண்டுவிரல் நீளத்துக்கு இலை விட்டு, பிறகு காய்ந்திருக்கிறது. நான் எதற்காக வந்தேன் என்பதே ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. கோவிலில் நற்கருணை எழுந்தேற்றத்தில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போமே, அப்படி நின்றேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. விதைநெல் ஒரு ராத்திரி ஊறி, இருட்டில் கிடந்தால்தான் மூன்றாம் நாள் முளை விடும். இவ்வளவு இலை விட வேண்டுமென்றால் அந்தக் குழியில் ஈரம் எத்தனை நாள் இருந்திருக்கும்? மேலே கிண்ணென்று காய்ந்திருக்கிறது, அடியில் காயவே இல்லை. அம்மா ராத்திரி பத்து மணிக்கு டூட்டி முடித்து அந்தக் கரை ரோட்டில் தனியாக வருவாள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வாய்க்கால். லைட்டும் இன்ஜினும் சேர்ந்து போனால்?

யாரிடம் சொல்வேன்? அம்மாவிடம் சொன்னால், சிவப்பு வண்டிக்காக அவள்தான் பிள்ளையைத் தூண்டிவிட்டாள் என்று பேச்சு வரும். அப்பாவிடம் சொன்னால், அண்ணனைக் குறை சொல்கிறாயா என்பார். இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். பூசை இன்னும் நான்கு மணி நேரத்தில். உன் பதில் எனக்கு உதவாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரு அக்கா. அப்பா எழுந்துவிட்டார்.

போய்விட்டார். விளக்கை அணைத்துவிட்டு மூச்சு விடாமல் கிடந்தேன். மூன்று மணிக்கு வயலுக்கு நம் தண்ணீர் முறை. சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனார். இனி உன்னிடம் மறைத்து என்ன செய்ய? அந்த முளைத்த நெல்லை ஒரு பிடி எடுத்து, படுக்கப் போகும் முன் ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். வேரில் ஸ்டெப்னியின் ரப்பர் வாசனையும் கறுப்பும் ஒட்டியிருக்கிறது. அப்பாவுக்கு வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. விரலால் தொட்டாலே எத்தனை நாள் முளை என்று சொல்லிவிடுவார். காலையில் பூசைக்குக் கிளம்பும்போது பார்ப்பார் என்று நினைத்துத்தான் போட்டேன். இன்று ராத்திரி முறை என்பதை மறந்துவிட்டேன் அக்கா! நமக்கு முந்திய முறை பெரியப்பாவுடையது. அப்பா போய்ச் சேரும்போது அவர் மடையில் நிற்பார். அப்பா தீப்பெட்டிக்குப் பையில் கை விடுவார். அந்த இருட்டில், அந்த மடையில், கையில் மண்வெட்டியோடு இரண்டு பேரும். ஐந்து வருஷத்துக்கு முன் சண்டை தொடங்கியதும் அதே இடத்தில்தான்.

நீ கேட்டு வாங்கிய வரத்தை நானே கெடுத்துவிட்டேனா? என்னை மன்னித்துவிடு. அம்மா உயிரோடு வீடு திரும்ப வேண்டும், அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மணி மூன்றரை. ஜன்னல் வழியாகக் கரையில் டார்ச் வெளிச்சம் தெரிகிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சத்தம் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பாவின் இருமல் மட்டும். வாசலுக்கு வந்துவிட்டார்கள். டிக்கி திறக்கிற சத்தம். ஸ்டெப்னியைப் புரட்டுகிறார்கள். இரண்டு தலையும் குனிந்திருக்கின்றன. பெரியப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார், எடுக்கவே இல்லை.

அக்கா, எனக்காக வேண்டாம், அந்த இரண்டு பேருக்காகவும் இப்போதே முழங்கால் போடு. இது உன் கைக்கு வருகிற நாளில் போட்டாலும் சரி, நேரம் பார்க்காமல் கேட்கிறவரிடம்தானே நீ கேட்பாய். அம்மாவை

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். அருளு, தூங்கலைன்னு தெரியும், அம்மாவையும் எழுப்பிட்டு வா என்கிறார். கோபமாக இல்லை அக்கா, அவர் குரல்