பேசவும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே துணை ஆணையரோடு மல்லுக்கட்டு. அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அளவுகோல். மனுவில் ஓரம் சரியாக விடவில்லையென்றால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவாள். இன்று ஒரு மனிதர் ஒன்பது மணியிலிருந்து வராந்தாவில் நிற்கிறார். புகார் ஒரே பிரதிதான் இருக்கிறதாம். "ரெண்டு பிரதி வேணும் மேடம். விதி நாலு." நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் தட்டச்சு நின்றுபோனது. அரசு அலுவலகங்கள் மீது வரும் குறைகளை விசாரிக்கத்தான் இந்தக் குறைதீர் ஆணையம், அதற்கு ஆணையர் நான். இங்கேயே ஒருவரை நிற்கவைத்தால் அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

உள்ளே கூப்பிட்டேன். அரசு அச்சகத்தில் முப்பத்தோரு வருட வேலை. காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருந்தவர். பதினோரு வருடம் முன்பு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதிலிருந்து பார்சல் கட்டும் மேசை. மனுதாரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையை மடியில் மூடி வைத்துக்கொண்டார்.

நஷ்டஈடு கேட்பார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது: 'விபத்துக்குக் காரணம் ஊழியரின் சொந்தக் கவனக்குறைவு.' அதை எடுக்க வேண்டும். இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு பெறுகிறார். அந்த வரியோடு வெளியே போகமாட்டாராம்.

"மெஷின்ல தடுப்புக் கம்பி உடைஞ்சு போச்சுன்னு எங்க ஃபோர்மேன் நாலு மாசம் முன்னாடியே எழுதினாரு மேடம். நானும் அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். பெரிய அதிகாரி பேசக் கூப்பிடுவாங்கன்னு மேல இருந்து சொன்னாங்களாம். ஒரு நல்ல சட்டையைத் தேச்சு, வேலை பாக்குற எடத்துலயே மாட்டி வச்சிருந்தாரு. எப்ப கூப்பிட்டாலும் போகணும்ல. கடைசி வரைக்கும் கூப்பிடவே இல்ல."

ஃபோர்மேன் இப்போது உயிரோடு இல்லை. அந்தச் சட்டை மட்டும் நாளெல்லாம் என் கண்முன் தொங்குகிறது. எந்தப் புண்ணியவான் அது? கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினால் வாய் தேய்ந்துவிடுமா?

கோப்பைக் கேட்டுத் துறைச் செயலாளருக்குக் கடிதம் போய்விட்டது.

மார்ச் 4, புதன்

சாப்பிடும்போது கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை வாய் திறக்கச் சொன்னவர், தான் திறப்பது அபூர்வம்.

"அச்சகம் உன் துறையிலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு, நான் செயலாளரா இருந்தப்போ. விபத்து நடந்தது நான் மாறிப் போய் ரெண்டு மாசம் கழிச்சு. எனக்குப் பின்னாடி வந்தவனோட லட்சணம்."

"கடுதாசி போட்டது நாலு மாசம் முன்னாடின்ன?"

கேள்வியைப் பார்! நான் இருந்திருந்தால் அந்தக் கோப்பு தங்கியிருக்குமா? முப்பத்து நான்கு வருடம், ஏழு துறை. 'அம்மையாரின் மேசையில் ஒரு கோப்பும் மாலைவரை தங்கியதில்லை' என்று என் பிரிவுபசாரத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். அதை நம்பித்தான் இந்தப் பதவியும் தந்தார்கள். சட்டத்தைக் காட்டினேன். ரசத்தில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தார்.

மார்ச் 10, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. 'அப்படியொரு கடிதம் பெறப்பட்டதாகப் பதிவில்லை.'

யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? கடிதம் போன தேதியும் எண்ணும் அச்சகத்தின் அனுப்புகைப் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார் மனுதாரர். இப்போதைய செயலாளர் என் பழைய துணைச் செயலாளர்தான். எதைச் சொன்னாலும் சிரிப்பான், அதனால் அன்றிலிருந்தே அவன் பெயர் சிரிப்பு. அவன் பதவி உயர்வுக்குப் பக்கம் பக்கமாகப் பரிந்துரை எழுதியவள் நான். போன் போட்டேன்.

"தேடிட்டுதான் இருக்கோம் மேடம்." போனிலும் சிரிப்பது கேட்கிறது.

"வியாழக்கிழமைக்குள்ள வரலன்னா ஆவண அறைப் பூட்டை உடைக்க ஆள் அனுப்புவேன்."

சிரிப்பு நின்றது.

மார்ச் 11, புதன்

இன்னும் இருபது நாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. கணவரிடம் காட்டினேன். "பல்லு நல்லாத்தான் இருக்கு. கோபத்தைப் பிடுங்க என்கிட்ட இடுக்கி இல்ல" என்கிறார்.

மார்ச் 12, வியாழன்

சிரிப்பு நேரில் வந்தான். செய்தித்தாளில் சுற்றிய கோப்பு. கதவைத் தானே சாத்தினான்.

"பதிவுல ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துருங்க மேடம்."

ஃபோர்மேனின் கடிதம் இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. அடுத்த பக்கத்தில் பிரிவு அலுவலரின் குறிப்பு: 'மூன்று இயந்திரங்களுக்கும் தடுப்பு உடனே தேவை. ஆணை வேண்டப்படுகிறது.' அதற்குக் கீழே பச்சை மையில் ஒரே சொல்.

பேசவும்.

கீழே என் சுருக்கொப்பம். நான் மாறிப் போவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. என் கையெழுத்துதான். 'ம்'முக்குப் புள்ளி வைக்காமல் வட்டம் போடுகிறவள் இந்த அரசாங்கத்தில் நான் ஒருத்திதான்.

"ஒரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கலாமே?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பேசவும்னு போட்டது நீங்க. கூப்பிடுவீங்கன்னு இருந்தேன் மேடம்."

விபத்துக்குப் பின் விசாரணை அறிக்கை எழுதியவனும் அவன்தான். கவனக்குறைவு என்ற வரி அவன் கைவண்ணம். கோப்பை அன்றே தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டானாம். "வெளிய வந்திருந்தா உங்க பேரு கெட்டிருக்கும். உங்களுக்காகத்தான் செஞ்சேன்." எனக்காகவாம்! நான் கேட்டேனா? விரல் போனவன் தலையில் பழியையும் தூக்கி வை என்று நான் சொன்னேனா?

வழியும் வைத்திருந்தான். அந்த வரியை எழுத்துப் பிழை என்று சொல்லி நாளைக்கே அடித்துவிடுவான். மனிதர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டால் போதும். கோப்பு கிடைக்காததாகவே இருக்கட்டும். "அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

நமக்கு!

கோப்பை மேசைமேல் விட்டுப் போனான். நான் பதிவில் ஏற்றவில்லை. கைப்பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் அரசுக் கோப்பு ஒன்று என் வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை.

மார்ச் 13, வெள்ளி

ஆணையத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம் மேலதிகாரி சொன்னது காலையிலிருந்து காதில் நிற்கிறது. "சரின்னு எழுதினாலும் மாட்டுவ, முடியாதுன்னு எழுதினாலும் மாட்டுவ. பேசவும்னு போட்டு அனுப்பு, எவனும் உன்னைப் பிடிக்க முடியாது." கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மேசையில் கோப்பு தங்கவில்லையாம், கண்ணாடிச் சட்டமாம். எப்படித் தங்கும்? ஒற்றைச் சொல்லை எழுதித் தள்ளிவிட்டால் வேறு யார் மேசையிலோ போய்த் தூங்கும்.

எத்தனை எழுதியிருப்பேன்? எத்தனை பேர் சட்டையைத் தேய்த்து மாட்டினார்கள்?

சீ.

மார்ச் 14, சனி

கிழித்துப் போட்டால் என்ன என்று நினைத்தேன். அடுப்பு பக்கத்திலேயே இருக்கிறது. நினைத்தேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

கணவர் கோப்பைப் படித்தார். "வீட்லயும் நீ அதத்தானே சொல்லுவ. அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்."

எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னத்தைப் பேசாம விட்டேன்? சொல்லுங்க" என்று கேட்டேன்.

"என் பட்டியல் பெருசு, அது இருக்கட்டும். மொதல்ல அந்த ஆள்கிட்ட பேசு."

மார்ச் 16, திங்கள்

மனுதாரரைக் கூப்பிட்டேன். சிரிப்பு சொன்ன வழியைத்தான் முதலில் சொன்னேன். ஆமாம், அதைத்தான்.

"அந்த வரியை இந்த வாரமே அடிச்சுரலாம்."

"அடிச்சுட்டு அந்த எடத்துல என்ன எழுதுவாங்க மேடம்?"

"ஒண்ணும் எழுதமாட்டாங்க."

"அப்ப என் விரல் எப்படிப் போச்சாம்?"

பையிலிருந்து கோப்பை எடுத்து அவர் முன் வைத்தேன். இடது கை விரலை வரியில் வைத்து மெதுவாகப் படித்தார். பச்சை மையில் விரல் நின்றது.

"இது யாரு மேடம்?"

"நான்தான்."

பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிடுவார் என எனக்கு ஒரு நப்பாசை. நான் மன்னிப்புக் கேட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. "அவரு செத்துப் போற வரைக்கும் தான் சரியா எழுதலையோன்னு சொல்லிட்டே இருந்தாரு மேடம்" என்றார். பிறகு, "அப்ப நடந்ததையே எழுதுங்க." எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

என் வழக்கை நானே விசாரிக்க முடியாது. வேறு ஆணையரை நியமிக்க மூன்று மாதம் இழுத்தடிப்பார்கள், அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிடுவார். அளவுகோலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்கூடச் சிமிட்டவில்லை.

"பதினோராம் பிரிவு மேடம். ஆணையருக்கே சம்பந்தம் இருந்தா துணை ஆணையர் விசாரிக்கலாம். யாரையும் கேக்க வேண்டாம். கோப்பு என்னிக்கு வந்துச்சு?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்குத் திங்கள். நடுவுல எங்க இருந்துச்சு?"

"என் வீட்ல."

குறித்துக்கொண்டாள். "உங்க வாக்குமூலம் ரெண்டு பிரதி வேணும் மேடம்."

பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பிரதி எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

விசாரணை. மனுதாரர் நாற்காலியில் நான். அதற்கு ஒரு கால் குட்டை. மூன்று வருடமாக ஊரையே இந்த ஆடும் நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறேன், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆணையரின் முன்னால் நாற்காலி ஆடுகிறது என்று யார் சொல்வார்கள்?

"பேசவும்னு எழுதினீங்க. யார்கிட்ட பேசணும்னு நினைச்சு எழுதினீங்க?"

முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மழுப்ப எனக்கு நாற்பது விதம் தெரியும்.

"யார்கிட்டயும் இல்ல."

எழுதினாள். சத்தமாகப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பிற்பகலில் சிரிப்பின் முறை. வெளியே வந்தபோது அவன் முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

மார்ச் 23, திங்கள்

மேலிடத்திலிருந்து போன். "நேர்ல வாங்களேன், கொஞ்சம் பேசணும்." எழுத்தில் அனுப்புங்கள் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

உத்தரவு வந்தது. கவனக்குறைவு என்ற வரி ரத்து. அதன் இடத்தில்: 'விபத்துக்குக் காரணம், எழுத்தில் எச்சரிக்கப்பட்டும் துறைச் செயலாளர் முடிவெடுக்காதது.' பக்கத்தில் என் பெயர். கோப்பை மறைத்ததற்குச் சிரிப்பின் மீது துறை நடவடிக்கை. நான்கு நாள் கோப்பு என் வீட்டில் இருந்ததற்கும் தனியாக ஒரு பத்தி.

ஒரு சொல் கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கலாமே என்று தோன்றியது. பார்த்தால் பச்சைப் பேனாவின் மூடி என் கையில் கழன்றிருக்கிறது. மூடி வைத்தேன்.

மேலிடத்துக் கடிதமும் வந்துவிட்டது, விளக்கம் கேட்டு. எழுதுவேன். விளக்கத்தோடு ராஜினாமாவும்.

மார்ச் 30, திங்கள்

ஆணையத்தின் உத்தரவுகள் அரசு அச்சகத்தில்தான் அச்சாகும். பிழை திருத்துபவர் அங்கிருந்து போன் செய்தார்.

"நாலாம் பக்கத்துல தப்பு வந்திருக்கு மேடம். ஆணையர் பேரும் குற்றம் செஞ்சவங்க பேரும் ஒண்ணா அடிச்சிருக்கு. எதை மாத்தணும்?"

"எதையும் மாத்தாதீங்க."

"ரெண்டும் ஒரே ஆளா மேடம்?"

"ஒரே ஆள்தான்."

அவருக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம். "கட்டிங் மெஷினுக்கெல்லாம் தடுப்புக் கம்பி போட்டாச்சா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்குப் போட்டாச்சு மேடம். மூணாவதுக்கு எழுதியிருக்கோம்."

பதினோரு வருடம்! எழுதியிருக்கிறார்களாம்! நான் கத்திய கத்தலில் துணை ஆணையர் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார், சட்டப் புத்தகத்தை விரித்தார். "ஒன்பதாம் பிரிவு. உயிருக்கு ஆபத்துன்னா உடனே ஆணை போடலாம். இதுல உங்களுக்குத் தடை இல்ல மேடம்."

நிறுத்தவும் என்று எழுதி, தேதியும் நேரமும் முழுக் கையெழுத்தும் போட்டேன். அவரே வண்டியில் கொண்டுபோனார்.

மார்ச் 31, செவ்வாய்

அச்சான உத்தரவுகளோடு காலையில் வர வேண்டிய பார்சல் மாலை நான்கு மணிக்கு வந்தது. கூடவே அச்சகத்தின் சீட்டு: 'மூன்றாம் இயந்திரம் நிறுத்தப்பட்டிருப்பதால் தாமதம்.'

பழுப்புத் தாள், சணல் கயிறு. கொண்டுவந்தவரிடம் கட்டியது யார் என்று கேட்டேன். மனுதாரரேதான். இதைக் கட்டிவிட்டு, பணிப் பதிவேட்டை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு, மூன்று மணிக்குக் கிளம்பினாராம். எனக்கு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம்.

துணை ஆணையர் கத்தரிக்கோலை நீட்டினார். வேண்டாம் என்றேன். வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலை வைத்துப் போட்ட முடிச்சு, அப்படி ஒரு இறுக்கம். அவிழ்க்கப் பத்து நிமிடம் ஆனது.