ஆரஞ்சுப் பிரபுவின் வரலாறு எழுதிய நான்கு நோட்டுகளைத் திருப்பித் தரக் கோருதல்

அனுப்புநர்:
ரூபா கார்த்திகேசன் (பர்மியப் பதிவில் தோ ரூபா), வயது 57,
மூன்றாம் மாடி, படகுத்துறைச் சந்து,
யாங்கூன்.

பெறுநர்:
ஆவணப் பரிசீலனை அதிகாரி அவர்கள்,
வட்டார நிர்வாக அலுவலகம்,
யாங்கூன்.

பொருள்: காலஞ்சென்ற என் கணவர் கார்த்திகேசன் கைப்பட எழுதிய நான்கு நோட்டுகளைத் திரும்பப் பெறுவதும், செவ்வாய்க்கிழமைக் கையெழுத்துப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்குவதும் குறித்து. ஐந்தாம் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

முந்தைய நான்கு மனுக்களையும் என் மகள் கலா பர்மிய மொழியில் எழுதினாள். தமிழ் படிக்கத் தெரிந்த ஆபித் என்பவர் இப்போது வாரம் ஒருநாள் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறாராம். நோட்டுகளில் உள்ளதைத் தமிழில் சுருக்கி எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று தங்கள் எழுத்தர் சொன்னார். அதனால் இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் கணவர் கார் ஓட்டுநர். லைங் தாயா பக்கம் ஆற்றங்கரைகளை அளக்க வந்த நெதர்லாந்துப் பொறியாளர் ஒருவருக்கு ஆறு ஆண்டுகள் வண்டி ஓட்டினார். 2021-இல் அவர் தம் நாட்டுக்குத் திரும்பியபோது ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் நாட்டு விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு வில்லியம் என்ற பிரபுவின் வரலாறு அது. வேலை இல்லாமல் இருந்த என் கணவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைத் தமிழில் எழுதினார். மூன்று ஆண்டுகள் ஆயின. எழுதியதை அன்றன்றே எனக்குப் படித்துக் காட்டுவார். நான் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன்.

2. 14.10.2024 காலை வீட்டுப் பதிவைச் சரிபார்க்க வந்தவர்கள் நோட்டுகளைப் புரட்டினார்கள். கிளர்ச்சி, வரி, முற்றுகை ஆகிய சொற்களை அவர் ஓரத்தில் ஆங்கிலத்திலும் குறித்திருந்தார். அவர்களுக்கு விளங்கியது அவ்வளவுதான். நோட்டுகளோடு அவரையும் அழைத்துப் போய், இந்த வில்லியம் இப்போது எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கேட்டார்கள். "அவர் செத்து நானூத்தி நாப்பது வருஷம் ஆச்சுங்க" என்று சொன்னாராம். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் செவ்வாய்தோறும் தங்கள் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட உத்தரவானது.

3. நோட்டுகளில் உள்ளது பின்வருமாறு.

வில்லியம் ஜெர்மனியில் பிறந்தவர். பதினோரு வயதில் பெரிய சொத்துக்கு வாரிசானார். அதற்காகப் பெற்றோரைப் பிரிந்து, மதமும் மாறி, நெதர்லாந்தையும் ஆண்ட பேரரசரின் அரண்மனையில் வளர்ந்தார். வயதான பேரரசர் முடி துறந்த நாளில் வில்லியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் சபைக்கு வந்தார். அடுத்து வந்த ஸ்பெயின் மன்னர், வேறு மதத்தாரைக் கொன்றொழிக்க நினைத்தார். அந்தத் திட்டம் வில்லியத்துக்கும் முன்பே தெரியும் என்று எண்ணிய பிரான்சு அரசர் வேட்டைக்குப் போன இடத்தில் அதைச் சொல்லிவிட்டார். இவர் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டார். அதனால் மௌனி என்று பெயர்.

ஸ்பெயின் படை வருகிறது என்றதும் நாட்டைவிட்டுப் போனார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகனை ஸ்பெயினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சாகும்வரை அவனை அவர் பார்க்கவில்லை. இந்த இடம் வந்தபோது என் கணவர் இரண்டு நாள் எழுதவில்லை. எங்கள் மகன் மலேசியாவுக்குப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது நோட்டில் இல்லை.

போரில் அவருடைய தம்பிகள் மூவர் இறந்தார்கள். லெய்டன் என்ற ஊரை எதிரிகள் வளைத்து, உள்ளே பசியால் ஜனங்கள் செத்தபோது, கடலைத் தடுத்து நின்ற கரைகளை வெட்டச் சொன்னார். அப்போது அவரே காய்ச்சலில் படுத்திருந்தார். வயல்களில் கடல்நீர் ஏறி, அதன்மேல் படகுகளில் ரொட்டியும் மீனும் போய்ச் சேர்ந்தன. பின்னர் மன்னர் அவர் தலைக்கு விலை வைத்தார். ஒருவன் சுட்டான், பிழைத்தார். இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மனைவி அந்தக் களைப்பில் காய்ச்சல் கண்டு இறந்தார்.

இதில் நம் நாட்டைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

4. நோட்டுகள் வெறும் குப்பைத்தாள், அழிக்கச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் விவகாரம் முடியும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிடும்படி நானும்தான் சொன்னேன். நாலு நோட்டுதானே என்றேன். "மூணு வருஷம் அந்த ஆளோட இருந்துட்டேன் ரூபா. குப்பைன்னு எப்படிப் போடுறது" என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அதைத் தங்களிடம் சொல்லி ஆவது ஒன்றுமில்லை.

5. என் கணவர் நுரையீரல் நோயால் 2.3.2025 அன்று காலமானார். அதன்பிறகும் செவ்வாய்தோறும் அவர் பெயரை அழைக்கிறார்கள். அழைக்கும்போது யாரும் இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆள் வருகிறது என்பதால் நான் போய் வரிசையில் நிற்கிறேன். இறப்புச் சான்றிதழை மூன்று முறை கொடுத்துவிட்டேன். பெயரை நீக்க வேண்டுமானால் அவரே நேரில் வந்து ஒப்புதல் தர வேண்டும் என்று சென்ற வாரம் சொன்னார்கள். படி இறங்கி வந்துவிட்டேன்.

6. ஆகவே அவர் பெயரை நீக்கி, நோட்டுகளைத் திருப்பித் தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். எல்லாவற்றையும் தர இயலாது என்றால், முதல் மூன்றையும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். நான்காவது மட்டும் போதும். அது முடிவு பெறவில்லை. பிரபு டெல்ஃப்ட் நகரத்து வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதோடு நிற்கிறது. சாப்பிட்டு எழுந்து வெளியே வந்ததும் ஒருவன் சுட்டுவிடுவான். நாடு விடுதலை பெற இன்னும் அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். என் கணவர்தான் எழுதாமல் தள்ளிப்போட்டார். கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டுட்டு இருக்கட்டும்" என்பார்.

அந்த நோட்டின் கடைசியில் பதினொரு பக்கங்கள் காலியாக உள்ளன. மீதியை நான் எழுதிக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ரூபா கார்த்திகேசன்
(கையொப்பம்)

இடம்: யாங்கூன்
நாள்: 9.6.2025

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல் (நான்காம் முறை).