நூற்று நாற்பத்து மூன்று இரவுகள்

சித்தூர்
12.5.1997

மதிப்பிற்குரிய கோவர்த்தனன் சாருக்கு,

தயவுசெய்து இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கிருபாவதி அக்காவுக்குக் காட்டவே கூடாது. எல்லாரும் தூங்கிய பிறகு சாமான் அறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான் கிருபாவதியின் தங்கை டெபோரா. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் லீவுக்குத் திருப்பதி வந்தபோது, சுவர்ணமுகி பல்கலைக்கழகத்தில் உங்கள் வானியல் துறைக்கு, அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோடு தினமும் வந்தேன். “என்னம்மா, நீதான் புது இன்ஜினியரா?” என்று கேட்டீர்களே, அந்தப் பெண்.

திருவேங்கடம் அண்ணனின் டேப்பை அழித்தது அக்கா இல்லை. நான்.

அன்று அக்காவுக்குக் காய்ச்சல். ஆனாலும் பகல் முழுக்க, “மேடம், பிரிண்ட் வரல”, “மேடம், டிஸ்க் நிறைஞ்சு போச்சு” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் கம்ப்யூட்டர்களில் இருப்பதையெல்லாம் டேப்பில் நகல் எடுக்க வேண்டும். அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் படுத்துக்கொண்டு, “நீலச் சீட்டு ஒட்டின டேப்பு ஒண்ணு எடுத்துப் போடு. சிவப்பத் தொடாதே” என்றாள். பாஸ்வேர்டையும் சொன்னாள். அப்போது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ்ஸில் மெஷின்கள் ஓடின; விளக்கு எரியவில்லை. திரையின் பச்சை வெளிச்சத்தில் நீலமும் சிவப்பும் ஒரே கறுப்பாகத் தெரிந்தன. நான் எடுத்துப் போட்டது சிவப்பு; அதில் இருந்ததன்மேல் புது நகல் ஏறிவிட்டது.

“நான்தான் மாற்றிப் போட்டேன்” என்று அக்கா உங்களிடம் சொல்லிவிட்டாள். ஜூன் 2 விசாரணை. துறை நன்னடத்தைச் சான்று கொடுத்தால்தான் ஐதராபாத் கம்பெனி அவளை அமெரிக்காவுக்கு அனுப்பும். அவளை விட்டுவிடுங்கள் சார். பதிலை என் தோழி பிரேமலதா வீட்டு முகவரிக்குப் போடுங்கள்.

பயத்துடன்,
டெபோரா

*

திருப்பதி
17.5.1997

அன்புள்ள டெபோரா,

உன் கடிதம் என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. அக்கா மேல் உனக்குள்ள பாசம் புரிகிறது. ஆனால் நீ சொல்வதை நான் நம்பவில்லை.

சிவப்புச் சீட்டு டேப்பின் மூலையில் சின்னத் தாழ் ஒன்று உண்டு. அதை மூடி வைத்திருப்போம். மூடியிருந்தால் மெஷின் அதில் எழுதாது. இருட்டில் கை மாறிப் போட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தத் தாழை நகர்த்தியது வேலை தெரிந்த கை.

திருவேங்கடம் என் மாணவன். மலைமேல் உட்கார்ந்து ஒரே நட்சத்திரத்தை 143 இரவுகள் படம் பிடித்தான். திடீரென்று பிரகாசமாகி மெல்ல மங்கிப்போன நட்சத்திரம் அது. இனி யார் போய்ப் பார்த்தாலும் அந்த வெளிச்சம் கிடைக்காது. அந்தப் படங்கள் இருந்தது அந்த ஒரு டேப்பில்தான். போன வருடம் பஸ் கவிழ்ந்து இறந்துபோனான். அவன் அம்மா வெங்கடம்மா கார்வேட்டிநகரத்திலிருந்து எப்போதாவது வருவார். “எம்புள்ள பாத்ததெல்லாம் பத்திரமா கீதுங்களா சாமி?” என்பார். “இருக்குதும்மா” என்பேன். போன வாரமும் வந்தார். போன வாரமும் அதையே சொன்னேன்.

நீ படிப்பைக் கவனி.

கோவர்த்தனன்

*

சித்தூர்
23.5.1997

சார்,

அந்தத் தாழை நகர்த்தியது என் நகம். முதல் கடிதத்தில் அதை மறைத்துவிட்டேன்.

டேப்பைப் போட்டதும், எழுத முடியாது என்று திரையில் வந்தது. எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதுவே வந்தது. “ஏய், போட்டியா இல்லியாடி?” என்று அக்கா வெளியிலிருந்து கத்தினாள். “போட்டுக்கினு கீறேன்க்கா” என்றேன். முந்தின நாள் வேறொரு டேப்பில் அக்கா தாழை நகத்தால் நெம்பியதைப் பார்த்திருந்தேன். எனக்கும் எல்லாம் தெரியும் என்று காட்ட ஆசையாக இருந்தது. மெஷின் வேண்டாம் என்றுதான் சொன்னது சார். இரண்டு முறை சொன்னது.

காலையில் அக்கா டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையை இழுத்து, உடைந்த நகத்தைப் பார்த்தாள். “நீ அந்த ரூமுக்குள்ள வரவே இல்ல. தெரிதா?” என்றாள்.

இரவில் எனக்கு டேப் ஓடும் சத்தம் கேட்கிறது. கால்மாட்டில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எண்ணுகிறார். திருவேங்கடம் அண்ணனை நான் பார்த்ததே இல்லை. அதனால் முகமில்லாமல் வருகிறார். 143 வரை போகாமல் எங்கேயோ நின்றுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறார்.

“கிருபாவதியோட வேலையக் காப்பாத்தும் ஆண்டவரே” என்று நைனா தினமும் ஜெபம் பண்ணுகிறார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டெபோரா

*

திருப்பதி
28.5.1997

அன்புள்ள டெபோரா,

இப்போது நம்புகிறேன்.

ஆனால் இதைக் கேள். டேப்பை மாற்றிப் போட்டது கவனக்குறைவு, கண்டித்து விட்டுவிடலாம். வெளியாளுக்கு பாஸ்வேர்டு கொடுத்தது அப்படி இல்லை. வேலை போகும், சான்றும் கிடைக்காது. நீ எழுதிய உண்மை வெளியே வந்தால் உன் அக்கா தொலைந்தாள். அவளுக்கு இது முதல் நாளே தெரியும்.

இன்னொன்று. ஒரே நகலை நம்பக்கூடாது, கூடுதலாக டேப் வாங்கித் தாருங்கள் என்று கிருபாவதி என்னிடம் மூன்று முறை எழுதிக் கேட்டாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் தள்ளிவிட்டேன். டேப் அழிந்த நாளிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை விசாரணைக் குழுவில் என்னோடு உட்காரும் மற்ற இருவரிடமும் சொல்லப் போகிறேன். உன்னைப் பற்றிச் சொல்லமாட்டேன்.

உன் கடிதங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப்போடு.

கோவர்த்தனன்

*

சித்தூர்
2.6.1997, இரவு

சார்,

கிழிக்கத்தான் போனேன். முடியவில்லை. கிழித்துவிட்டால் அதைச் செய்தது வேறு யாரோ என்று எனக்கே தோன்றிவிடும்.

இன்று விசாரணை முடிந்திருக்கும். என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இன்றே வருவதாகச் சொன்ன அக்கா இன்னும் வரவில்லை. கடைசி பஸ் பதினொன்றரைக்கு. நைனா இரண்டு முறை தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வெங்கடம்மா அடுத்த முறை வந்தால், பத்திரமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அக்கா ஆகஸ்டில் விமானம் ஏறியதும் நானே கார்வேட்டிநகரம் போகிறேன். அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அண்ணனின் போட்டோ இருந்தால் காட்டச் சொல்வேன். முகம் தெரிந்துவிட்டால் ஒருவேளை கால்மாட்டில் உட்கார்கிறவர் திரும்பி

கதவைத் தட்டுகிறார்கள். அவர் இல்லை. அவர் தட்டிவிட்டு வருகிறவர் இல்லை.

“டெபோரா, கதவத் தெற. சாரு அவரு தப்ப விசாரணையிலயே சொல்லிட்டாரு. அவரு சொன்ன பொறவு என்னால முடியலடி. உனுக்கு பாஸ்வேர்டு குடுத்தத நானும் சொல்லிட்டேன்.”

சார், அப்படியென்றால் அக்காவை