நட்டுவக்காலிக்குக் குறுக்கே வைத்த கை

வாகரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். ஒரு சின்ன விஷயம் நடந்தது. போனில் சொன்னால் முழுதும் கேட்குமுன் மன்னாரிலிருந்து பஸ் ஏறிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தேள்களை உயிரோடு பார்த்துப் படிக்கத்தான் வந்தேன் என்று எத்தனை தரம் சொல்லியும், இந்த ஊரார் அடித்துக் கொன்ற பிறகுதான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நேற்று வீட்டுக்காரக் கண்ணகை அக்கா விறகை இழுக்க, பெரிய கறுப்பு நட்டுவக்காலி ஒன்று வெளியே வந்தது. முதுகு நிறைய வெள்ளைக் குஞ்சுகள்! இவ்வளவு நாளும் நான் தேடியது அதைத்தான். அக்கா உலக்கையைத் தூக்கிவிட்டார்.

"தள்ளுகா புள்ள! ஒண்டையே தாங்க ஏலா, இது புள்ளகுட்டியோட வந்திருக்கு!"

கையைக் குறுக்கே வைத்தேன். உலக்கை நின்றது, நட்டுவக்காலி கொட்டிவிட்டது. பயப்படாதீர்கள், இந்தப் பெரிய இனத்துக்கு விஷம் குறைவு. ஆஸ்பத்திரி வரைக்கும் அக்கா ஏசியதுதான் கொட்டியதைவிடக் கூட வலித்தது. ஆனால் புறப்படுமுன் அவரே அதன்மேல் பிளாஸ்டிக் பேசின் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"குத்தும் வாங்கியாச்சு, இனி வெச்சுப் படிகா" என்றார்.

முதல் தோல் கழற்றும்வரை குஞ்சுகள் தாயின் முதுகில்தான் இருக்கும், தொந்தரவு செய்யக்கூடாது. அக்காவோ வருகிறவர்களுக்கெல்லாம் பேசினைத் தூக்கிக் காட்டுகிறார். வேண்டாமென்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

தடித்த கையுறை ஒரு சோடி அனுப்புங்கள். போர்த்துக்கொள்ள உங்களுடைய பழைய சாரம் ஒன்றும். இங்கே குளிரில்லைதான், ஆனாலும் அனுப்புங்கள்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். அம்மாவிடம் கொட்டியதைச் சொல்லாதீர்கள்.

மகள்,
மேர்லின்