அணைத்த சூடம்

சுவருக்குக் கிழக்கே
14.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கச்சி தங்கலட்சுமி எழுதிக்கொள்வது. நீயும் மதினியும் சுகமாக இருக்க வேண்டும். இந்தத் தாளைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. கருப்பசாமி முன்னால் எரிகிற சூடத்தை அணைத்து நாம் ரெண்டு பேரும் சத்தியம் செய்தது, வாயால் பேச மாட்டோம் என்றுதான். எழுத மாட்டோம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். பேசினால் என் மகன் மாரி தலைக்கு ஆகட்டும் என்று நான் அணைத்தேன். உன் மகள் பிரியா தலைக்கு ஆகட்டும் என்று நீ அணைத்தாய். ஒரு முழ இடத்துக்காகச் சுவர் எழுப்பிய கோபத்தில் ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்திருந்தது. அது போகட்டும்.

விஷயம் மரம். என் கொல்லையில் நிற்கிற வேம்பும் பூவரசும் வாகையும் தலைவிரித்து ஆடுகின்றன. அவுக இருந்தவரை வருஷா வருஷம் கழித்துவிடுவாக. அவுக போன பிறகு ஒரு கிளையிலும் அரிவாள் படவில்லை. வாகை கரண்டு கம்பியில் உரசுகிறது. போன மழையில் படபடவென்று பொறி பறந்தது. கொல்லையில் பகலிலேயே இருட்டு. சருகு முழங்கால் மட்டும் கிடக்கிறது, அதற்குள் ஏதோ ஊர்கிற சத்தம். மாரி லாரியோடு ஊர் ஊராய்ப் போய்விடுகிறான். ஒண்டிக்கட்டையாய்ப் பயந்து சாகிறேன் அண்ணே. குளிக்கப் போனால்கூடக் கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போகிறேன்.

மரம் கழிக்க நம் தெருப் பையன் சோலையை வரச் சொல்லியிருக்கிறேன். கிளை உன் பக்கமும் விழும். சண்டைக்கு வந்துவிடாதே. பதிலைச் சுவர் மேல் இருக்கிற செங்கலுக்கு அடியில் வை. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் மெசேஜ் பார்க்க எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கலட்சுமி


சுவருக்கு மேற்கே
15.11.2024

தங்கலட்சுமிக்கு,

சுந்தரபாண்டி எழுதுவது. கிளை இந்தப் பக்கம் விழுந்தால் விழட்டும். லைன்மேனிடம் சொல்லிக் கரண்டை நிறுத்தச் சொல்கிறேன். அதுவரை சோலையை மரத்தில் ஏற விடாதே. அவனுக்குத் தைரியம் இருக்கிற அளவுக்கு மூளை கிடையாது.

கழித்ததற்குத் தீ வைத்துவிடாதே. சுவரை ஒட்டித்தான் என் வைக்கோல் படப்பு நிற்கிறது. தடியை விறகுக்கு எடுத்துக்கொள். விரல் பருமனுக்குக் கீழே உள்ள குச்சியையும் தழையையும் துண்டு துண்டாக நறுக்கி எருக்கிடங்கு போடு. அடியில் குச்சி, அதன் மேல் தழை, அதன் மேல் சாணிக் கரைசல், மேலே ஒரு கூடை மண். இப்படியே அடுக்கிக்கொண்டு வா. ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நம் ஐயா இதைச் செய்யும்போதெல்லாம் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய், அதனால்தான் சொல்கிறேன். சருகுக்குள் வெறுங்கையை விடாதே. விரியன் கிடக்கும்.

இதோடு எழுதுவதை நிறுத்திக்கொள். பிரியா மாசமாக இருக்கிறாள். முதல் பிள்ளை தங்காமல் போனது உனக்கே தெரியும். மாசியில்தான் நாள். எழுத்தும் பேச்சும் ஒன்றா வேறா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? சாமி விஷயத்தில் விளையாட எனக்குத் தெம்பு இல்லை.

சுந்தரபாண்டி


சுவருக்குக் கிழக்கே
18.12.2024

அண்ணே,

எழுதாதே என்று சொன்னாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. சாமி கோபித்துக்கொண்டது.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். மரம் கழித்துக் கொல்லைக்கு வெளிச்சம் வந்தது. தெருவே பார்க்கிற மாதிரி கிடங்கு அடுக்கினேன். இன்றைக்கு விடிந்து எழுந்து போய்ப் பார்த்தால், கிடங்கின் உச்சியிலிருந்து புகை! தீ இல்லை, கங்கு இல்லை, வெள்ளையாகப் புகை மட்டும் எழும்பி உன் சுவர்ப்பக்கம் சாய்கிறது. கையை வைத்தேன், சுடுகிறது. எனக்கு உயிரே இல்லை. அன்றைக்கு நாம் அணைத்த சூடம்தான் இங்கே வந்து புகைகிறது என்று பட்டது. எழுதினால் பேசியதில் சேராது என்று சாமியையே ஏமாற்றப் பார்த்தேன் இல்லையா?

அங்கேயே விழுந்து கும்பிட்டேன். ஒரு தேங்காயும் உடைத்தேன். மாரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஒருவழியாக எடுத்து, 'டீ குடிக்கேன்மா' என்றான். அதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரியா எப்படி இருக்கிறாள்? அவள் உன் வீட்டுக்கு வந்துவிட்டாள் போலிருக்கிறது, இருமல் சத்தம் கேட்டது.

பயத்தோடு,
தங்கலட்சுமி


சுவருக்கு மேற்கே
18.12.2024

அடி கிறுக்கி,

உன் கடுதாசியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். 'என்னத்துக்குத் தனியா சிரிக்கிறீக?' என்று உன் மதினி சந்தேகமாகப் பார்த்தாள். குப்பைக்குத் தேங்காய் உடைத்தவள் இந்த வட்டாரத்திலேயே நீ ஒருத்திதான்.

அது புகை இல்லை, ஆவி. தழையும் சாணியும் சேர்ந்து மக்கும்போது உள்ளே சூடேறும். மார்கழிப் பனியில் அது வெளியே தெரியும். அடுப்பில் வெந்நீர்ப் பானையைப் பார்த்ததே இல்லையா நீ? சூடு வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாள் போனதும் ஒரு தடவை புரட்டிவிடு. கவைக்கம்பால் புரட்டு. ஒன்றை மட்டும் மறக்காதே: குளிருக்கு விரியன் அந்தச் சூட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

உன்னைக் கேலி செய்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். பிரியாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. 'அத்தைகிட்ட எப்பப்பா பேசுவ?' என்று கேட்கிறாள். அவள் தலையை வைத்துத்தான் சத்தியம் என்று அவளிடமே எப்படிச் சொல்வேன்? பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதுவரை நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

உன் அண்ணன்,
சுந்தரபாண்டி


சுவருக்குக் கிழக்கே
6.1.2025

அண்ணே,

எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் கவைக்கம்பை வைத்துத்தான் புரட்டினேன். அடியில் கறுப்பாய்ப் பொலபொலவென்று வந்திருந்தது, தேயிலைத் தூள் மாதிரி. ஆசை தாங்காமல் கம்பைப் போட்டுவிட்டு ஒரு பிடி அள்ளக் குனிந்தேன். நீ படப்பின் மேல் நின்று வைக்கோல் உருவிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

'தங்கம்! அசையாத! அப்படியே நில்லு!'

அவுக செத்த அன்றைக்கு நீ வந்தாய். தலைமாட்டில் நின்றாய், மாரியைக் கட்டிப்பிடித்து அழுதாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாய். அன்றைக்கு வராத குரல் இன்றைக்கு வந்தது. நான் கல்லாய் நின்றேன். அப்புறம்தான் எனக்கு அந்தச் சீற்றம் கேட்டது, விசில் வருவதற்கு முன்னால் குக்கர் சீறுமே அப்படி. கைக்குப் பக்கத்தில் விரியன் சுருண்டு கிடந்தது. 'மெதுவா பின்னால வா, கையத் தூக்காத, இன்னும் வா' என்று நீ சொல்லச் சொல்லத்தான் என் கால் நகர்ந்தது. அது வேலிக்குள் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தால், நீ ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு படப்பின் மேல் உட்கார்ந்திருந்தாய். உன் முகத்தைப் பார்த்துத்தான் அண்ணே எனக்கு நிஜமான பயம் வந்தது. பாம்பைப் பார்த்துக்கூட அவ்வளவு வரவில்லை. நீ என்ன செய்துவிட்டாய் என்று நம் ரெண்டு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. 'அண்ணே' என்று தொண்டை வரைக்கும் வந்தது. மாரி லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறான். விழுங்கிவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்காக நீ வாயைத் திறந்தாய். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சீ, நான் என்ன பிறவி! பிரியாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். என்னை ஏசியாவது நாலு வரி எழுது.

தங்கலட்சுமி


சுவருக்குக் கிழக்கே
8.1.2025

அண்ணே,

முந்தின கடுதாசி செங்கலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பனியில் நனைந்து மை பரவிவிட்டது. நேற்று உன் வாசலுக்குக் கார் வந்ததையும் பிரியாவைக் கைத்தாங்கலாக ஏற்றியதையும் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மாசி மாசம் என்றுதானே சொன்னாய்? மார்கழியே இன்னும் முடியவில்லையே! சோலையிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறான். உன் வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று மட்டும் எழுது.

தங்கலட்சுமி


சுவருக்கு மேற்கே
9.1.2025

தங்கலட்சுமிக்கு,

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பிரஷர் ஏறிவிட்டது, முகமெல்லாம் வீக்கம். 'ரெண்டு உசுரையும் பாக்கணும், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது' என்கிறார் டாக்டரம்மா. பிரஷர் முன்னாலேயே இருந்தது என்று உன் மதினி சொல்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் வாயைத் திறந்த மறுநாள் அவள் மயங்கி விழுந்தாள். இதற்கு மேல் யார் என்ன சொன்னாலும் என் மண்டையில் ஏறாது.

உன்னைக் கூப்பிட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கே மறுபடி பாம்பைப் பார்த்தாலும் கூப்பிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கூப்பிட்டேன், தண்டனை என் பிள்ளைக்கு.

இனி எழுதாதே. இந்தப் பக்கம் பார்க்காதே. உன் மரமும் உன் கிடங்கும் உன்னோடு இருக்கட்டும்.

சுந்தரபாண்டி


சுவருக்குக் கிழக்கே
10.1.2025

என் அண்ணனுக்கு,

மாத்துத்துணி எடுக்க நீ வந்திருப்பது தெரியும். உன் வீட்டு மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. எழுதாதே என்று நீ சொன்னாலும், போகும்போது செங்கலை ஒரு தடவை தூக்கிப் பார்க்காமல் போக மாட்டாய். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மாரி போன் செய்தான். நடந்தது எல்லாம் சொல்லி அழுதேன். அவன் கேட்டான்: 'யம்மா, என் தலைய வச்சு சத்தியம் பண்ணும்போது எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? என் தலைக்கு நான்தான் சொந்தக்காரன். நான் சொல்றேன், மாமாகிட்டப் பேசு.' 'உனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் எங்கடா போவேன்?' என்றேன். 'ரோட்டப் பாத்து ஓட்டுறேன், போதுமா?' என்றான். வைத்துவிட்டான்.

அவன் சொன்னதால் என் பயம் ஒன்றும் போய்விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சேதி வரட்டும், தாயும் பிள்ளையும் பிழைத்து வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் யோசித்தேன். எல்லாம் சுகம் என்றான பிறகு வந்து பேசினால் அது என்ன பேச்சு? ஊர்க்காரி எவளும் பேசுவாள். சத்தியத்தை மீறின பாரம் இப்போது உன் ஒருத்தன் தலையில் இருக்கிறது. அதோடு உன்னைத் தனியே விட்டுவிட்டு நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். சாமி கணக்குக் கேட்டால் ரெண்டு பேரிடமும் கேட்கட்டும்.

இதை வைத்துவிட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம், கிடங்கை ஒட்டித்தான் நிற்கிறேன். இன்றைக்கும் ஆவி எழும்புகிறது. செருப்புப் போட்டிருக்கிறேன், கையில் கம்பும் இருக்கிறது, நீ ஏசாதே. பதில் சொல்ல உனக்கு வாய் வராவிட்டால் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் என்னையும் ஏற்றிக்கொள். பிரியா பக்கத்தில் நீ பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் எனக்கும் கொஞ்சம் இடம் கொடு.

செங்கல் நகர்கிற சத்தம் கேட்டதும் கூப்பிடுவேன்.

தங்கம்