நான்காம் விதி

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். அக்காவும் உங்கள் மகளும் உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்குகின்றனவா? கரண்டி பிடிக்கிறீர்கள் என்று போனில் சொன்னார்கள். இந்தக் கடிதத்தை யாரையும் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். நீங்களே படியுங்கள், மெதுவாக, இரண்டு மூன்று தடவையாக உட்கார்ந்து படித்தாலும் சரி.

நீங்கள் மகள் வீட்டுக்குப் போனதிலிருந்து ஞாயிறுதோறும் போய் உங்கள் வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, நானே புதுக் காயில் கட்டி மாட்டிவிட்டேன். முன்பு கட்டிய புண்ணியவான் கண்ணை மூடிக்கொண்டு கம்பி சுற்றியிருக்கிறான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா உங்களை விசாரித்தார், பேச்சு வந்துவிட்டதா என்றார். வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

சரி, சுற்றி வளைக்கவில்லை. இந்த ஆண்டுச் சீட்டாட்டப் போட்டிக்குப் புது விதிகள் வந்துவிட்டன. எட்டாம் இடம் வரை கொடுத்த கோப்பை, பணமுடிப்பு எல்லாம் போயிற்று. இனி முதலிடம் பெறும் ஒரே ஜோடிக்குத்தான் பரிசு. நாட்டின் அணியில் இடம், வெளிநாட்டில் ஆட்டம். பதினொரு வருடமாக நாம் ஜோடி சேர்ந்து ஆடி ஏங்கியது இதற்குத்தான். விமானத்தில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று உங்கள் பஸ் டிப்போ வாசலில் நின்று சண்டைகூடப் போட்டிருக்கிறோம்.

அடுத்தது நான்காம் விதி. இத்தனை பிடி எடுப்போம் என்று கேள்வி கேட்பதற்கு இனி மேசையில் எண் எழுதிய அட்டை வைக்கக் கூடாது. வாயால் சொல்ல வேண்டும், இருபது விநாடிக்குள், தெளிவாக. குரலை ஏற்றி இறக்கிச் சைகை செய்யலாமே என்று எந்த மேதாவிக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூளையில் அடைப்பு வந்து ஏழு மாதம் ஆகிறது. திரும்பவும் மேசையில் உட்காரவேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில்தான் எழுந்து நடக்கிறீர்கள் என்று அக்கா சொன்னாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் தினமும் சீட்டுக் கட்டைக் கலைக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறீர்களாம்.

அந்த விதி எங்கிருந்து முளைத்தது தெரியுமா? என்னிடமிருந்து. போன ஆண்டு அரையிறுதியில் மருந்துக்கடைக்காரரும் அவருடைய ஜோடியும் நம்மைத் தோற்கடித்தார்கள் அல்லவா? ஜோடிக்காரர் அட்டையைச் சாய்த்து வைத்தால் கையில் துருப்பு நிறைய, நேராக வைத்தால் இல்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சங்கத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதினேன். போனால் போகட்டும் என்றீர்கள். கிழித்துப் போட்டுவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு மறுநாளே தபாலில் சேர்த்தேன். அட்டையை ஒழித்துவிட்டு வாயால் கேட்க வையுங்கள் என்று கடைசி வரியில் யோசனையும் சொல்லித் தொலைத்திருந்தேன். அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நீங்கள் குளியலறையில் விழுந்தீர்கள்.

இதுவரை சொன்னது ஆத்திரத்தில் செய்தது. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். இனிமேல் சொல்வது வேறு.

போன செவ்வாய்க்கிழமை காகிதக்கடை மாடியில் சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் ஒவ்வொரு விதியாக வாசித்தார். நான்காவதை முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லோரையும் பார்த்தார். "இதுல யாருக்காச்சும் கஷ்டம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வந்து சொன்னா செல்லாது" என்றார். பின்வரிசையில் காது மந்தமான ஒருவர் கை தூக்கினார். அவருக்கு எதிராளியின் கேள்வியை எழுதிக் காட்டலாம் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்கள்.

நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். என் மச்சானுக்குப் பேச்சு வரவில்லை, அவருக்கு மட்டும் அட்டையை விடுங்கள் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், கொடுத்திருப்பார்கள். நான் எழவில்லை. மறந்துபோய் அல்ல. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. உங்களோடு ஆடினால் இந்த வருடம் முதலிடம் வராது. என் புகாரால் மருந்துக்கடைக்காரரை எச்சரித்து விட்டுவிட்டார்கள், அவருடைய ஜோடிக்குத் தடை. அவர் புது ஜோடியாக நல்ல ஆள் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் நான் நினைத்து முடிப்பதற்குள் செயலாளர் ஐந்தாம் விதிக்குப் போய்விட்டார். வாய் இருந்தும் பேசாதவன் நான், மச்சான். கூட்டம் முடிந்ததும், யாரைத் திருடன் என்று மூன்று பக்கம் எழுதினேனோ அவரோடு நின்று டீ குடித்தேன்.

இதனுடன் ஒரு படிவம் இருக்கிறது. ஜோடி பிரிகிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். நீங்கள் போட்டால் நம்முடைய பதினொரு வருடப் புள்ளிகளும் எனக்கு வரும், அவற்றை வைத்து மருந்துக்கடைக்காரரோடு ஆடலாம். போடாவிட்டால் இருவருக்கும் பூஜ்யம். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன். போடாமல் அனுப்பி நல்லவன்போல் நடிக்கலாமா என்றுகூட யோசித்தேன், அதற்குமேல் என்னைச் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் இஷ்டம். படிவத்தில் கையெழுத்துப் போடுவதும் கிழிப்பதும் உங்கள் இஷ்டம். இரண்டில் எது நடந்தாலும் நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்த மறுநாள் காலையில் அந்தப் பெண் பயிற்சிக்கு வரும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து உட்காருங்கள். சீட்டுக்காக வேண்டாம், அது இனி இல்லை. என்மேல் வரும் கோபத்துக்காகவாவது உட்காருங்கள். வாய் திறந்து முதல் சொல்லாக என்னைத்தான் திட்டினீர்கள் என்று அக்கா போன் செய்யட்டும். அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, உங்கள் எதிரில் நின்று மிச்சத்தையும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் பேசவேண்டும் என்று காத்திருக்கும்
உங்கள் மைத்துனன்